பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்குமா?

கண்ணு, கோமுகி அணையைப் பார்த்திருக்கிறாயா? நம் கள்ளக்குறிச்சிப் பக்கம், கச்சிராயபாளையத்துக்கு அருகில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மலையில் நல்ல மழை பிடித்தால் ஓடைத் தண்ணீரெல்லாம் இறங்கி வந்து அங்கே சேரும்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஆனால் அந்த ஒரு சொட்டில் லட்சக்கணக்கான வைரஸ்கள் இருக்கும்.

உடனே பயந்துவிடாதே. அவற்றில் பெரும்பாலானவை மனிதர்களைச் சீண்டுவதே இல்லை. அவற்றுக்கு வேண்டியது பாக்டீரியா. பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, கடைசியில் பெரும்பாலும் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இந்த வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். சுருக்கமாக ஃபேஜ் என்போம். ஆற்றில், கடலில், வயல் மண்ணில், மாட்டுச் சாணத்தில், சாக்கடையில் என்று பாக்டீரியா இருக்கிற இடமெல்லாம் ஃபேஜும் இருக்கும். உன் குடலிலும் இருக்கிறது, என் குடலிலும் இருக்கிறது.

“அப்படியானால் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?” என்று கேட்டுவிடாதே! ஃபேஜ் இருக்கிறது என்றால் பாக்டீரியாவும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இந்த ஃபேஜ் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1896-ல் எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆக்ராவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா பாக்டீரியாவைப் போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் அவை செத்துப்போயின. அதே தண்ணீரைக் காய்ச்சிவிட்டுப் போட்டார். இப்போது அவை சாகவில்லை. தண்ணீரில் ஏதோ ஒன்று இருக்கிறது, சூடு பட்டால் அது கெட்டுவிடுகிறது என்று எழுதி வைத்தார். அது ஃபேஜாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்த பலர் கருதினார்கள்.

1915-ல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ட்வோர்ட், 1917-ல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெல் என்று இரண்டு பேர் தனித்தனியாக ஃபேஜைக் கண்டுபிடித்தார்கள். பெயர் வைத்தவர் டெரெல். அவர் 1927-ல் இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு ஃபேஜ் மருந்து கொடுத்துப் பார்த்தார்.

சரி, கண்ணுக்கே தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? நீ கேட்பாய் என்று தெரியும். நல்ல கேள்வி அது. வேலூரில், விஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரமேஷ் நாச்சிமுத்துவின் குழு ஃபேஜ் ஆராய்ச்சி செய்கிறது. அப்படிப்பட்ட ஆய்வகங்களில் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன்.

ஆற்றுத் தண்ணீரையோ சாக்கடைத் தண்ணீரையோ கொஞ்சம் எடுத்து வருவார்கள். மிக நுண்ணிய துளை கொண்ட வடிகட்டியில் ஊற்றுவார்கள். பாக்டீரியா மேலே தங்கிவிடும். ஃபேஜ் அதைவிட ரொம்பச் சின்னது, கீழே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரோடு ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவைக் கலந்து, அகர் என்ற கூழில் சேர்த்து, வட்டமான கண்ணாடித் தட்டில் ஊற்றுவார்கள். அகர் கடல்பாசியிலிருந்து எடுப்பது. கூழ் உறைந்ததும் தட்டை 37 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவார்கள்.

காலையில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தட்டு முழுக்க மங்கலாக, வெண்மையாகப் படர்ந்திருக்கும். அதெல்லாம் பாக்டீரியா. நடுநடுவே கடுகளவில் தெளிவான வட்டங்கள் தெரியும். அந்த வட்டத்துக்குள் பாக்டீரியா இல்லை. அங்கே ஒரு ஃபேஜ் வந்து, பெருகி, சுற்றியிருந்த பாக்டீரியாவை எல்லாம் காலி செய்திருக்கிறது. எத்தனை வட்டமோ, ஏறக்குறைய அத்தனை ஃபேஜ். ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்!

இதை வீட்டில் செய்து பார்க்காதே. பாக்டீரியா வளர்க்கும் வேலையை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். நீ வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நோட்டை எடு. ஆறு பக்கம் உள்ள ஒரு கட்டம் வரை. அது தலை. அதற்குக் கீழே நேராக ஒரு குழல். அது வால். வாலின் நுனியில் மெல்லிய கால்கள் ஆறு. அவ்வளவுதான், டி4 என்ற ஃபேஜை வரைந்துவிட்டாய்.

நிஜத்தில் அதன் நீளம் சுமார் 200 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். முடியின் குறுக்கே எத்தனை டி4-ஐ வரிசையாக நிறுத்தலாம்? வகுத்துப் பார். 400 வருகிறதா? சபாஷ்!

இந்த ஃபேஜைப் பற்றி இன்னொரு முக்கியமான சங்கதி. அதன் கால்கள் பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் குறிப்பிட்ட சில பொருட்களைத்தான் பற்றிக்கொள்ளும். நம் செல்களில் அவை கிடையாது. அதனால் நம் செல்லுக்குள் புகுந்து பெருக அதற்கு வழியே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு தேவைப்படும்.

இனி புற்றுநோய்க்கு வருவோம். கொஞ்சம் கனமான விஷயம். மெதுவாகவே போகலாம்.

உன் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குள்ளேயே கட்டளைகள் எழுதியிருக்கின்றன. சில சமயம் அந்தக் கட்டளைகளில் பிழைகள் சேர்ந்துவிடும். அப்போது ஒரு செல் நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போகும். அப்படி வளர்ந்த கட்டிதான் புற்றுநோய்க் கட்டி. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. புற்றுநோய் வந்த தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நம் உடம்பைக் காக்க வெள்ளையணுக்கள் இருக்கின்றன. காய்ச்சல் கிருமி வந்தால் அவை விடுவதில்லை. பிறகு ஏன் புற்றுநோயை விட்டுவிடுகின்றன?

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள். வாசலில் நிற்பவர் சீருடையைப் பார்க்கிறார். வெளியாள் யாராவது நுழைந்தால் உடனே மணியை விடாமல் அடிக்கிறார். எல்லோரும் ஓடி வருகிறார்கள். ஆனால் தொல்லை கொடுப்பவன் அதே பள்ளிப் பையனாக, அதே சீருடையில் இருந்தால்? வாசலில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. மணியும் அடிக்காது.

புற்றுநோய் செல் அப்படித்தான். அது நம் சொந்த செல். நம் சீருடையைத்தான் போட்டிருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தச் சீருடையில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். சிலருடைய மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற புரதம் செல்லின் மேல் அளவுக்கு மீறி அப்பிக் கிடக்கும். அந்த மாதிரி ஒன்றை அடையாளம் என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் அந்தப் புரதத்தை மட்டும் ஊசியில் எடுத்துப் போட்டு, “இதோ பார், இதுதான் அடையாளம்” என்று வெள்ளையணுக்களிடம் காட்டிவிடலாமே?

நீ இப்படி யோசித்திருந்தால் உன்னைப் பாராட்டுகிறேன். விஞ்ஞானிகளும் முதலில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். பெரும்பாலும் பலிக்கவில்லை. காரணம், அடையாளத்தைக் காட்டினால் மட்டும் போதாது. கூடவே மணியும் அடிக்க வேண்டும். மணி அடிக்காமல் அடையாளத்தை மட்டும் காட்டினால், “இது நம்முடையதுதான், சும்மா இரு” என்று உடம்பு பாடம் கற்றுக்கொண்டுவிடும். அது நேர்மாறான பாடம்!

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மறுபடி ஒருமுறை படி. அவசரம் ஒன்றும் இல்லை.

அடையாளத்தைக் காட்டும் வேலையைச் செய்ய நம் உடம்பில் தனியாக ஒரு செல் இருக்கிறது. கிளை கிளையாகக் கைகள் நீட்டியிருக்கும். டென்டிரிட்டிக் செல் என்பார்கள். தோலுக்கு அடியில் நிறைய உண்டு. அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்கும். துண்டு துண்டாக்கும். ஒரு துண்டைத் தன் மேலே மாட்டிக்கொண்டு, அக்குளிலும் கழுத்திலும் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டும். அவைதான் பிறகு உடம்பெங்கும் தேடிப் போய்த் தாக்கும்.

இந்த செல்லை 1973-ல் உலகுக்குக் காட்டியவர் ரால்ஃப் ஸ்டைன்மன். அவருக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. தன் சொந்த டென்டிரிட்டிக் செல்களை வைத்தே தனக்குத் தடுப்பூசிகள் செய்துகொண்டு போராடினார். 2011 அக்டோபர் 3 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அவர் மூன்று நாள் முன்னால் இறந்திருந்தார். பரிசு கொடுத்தவர்களுக்கே அது தெரியாது. இருந்தாலும் பரிசை அவருக்கே கொடுத்தார்கள்.

நம் சென்னையிலும் இந்த செல்லை வைத்து முயன்றிருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தெரியுமல்லவா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-ல் தொடங்கியது. நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ பேர் ராத்திரி பஸ் பிடித்து அங்கே போய் வருகிறார்கள். அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து டென்டிரிட்டிக் செல்களை வளர்த்து, அவர்களுடைய கட்டியின் கரைசலையே அந்த செல்களுக்கு ஊட்டி, திரும்ப அவர்கள் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார்கள். அரிய முயற்சி அது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மிகச் சுத்தமான ஆய்வகம் வேண்டும். நாளாகும், செலவாகும்.

செல்லை வெளியே எடுக்காமல், உடம்புக்குள்ளேயே அதைத் தேடிப் போய் அடையாளத்தை ஊட்ட முடிந்தால்? மணியையும் சேர்த்து அடிக்க முடிந்தால்?

இங்கேதான் நம் ஆற்றுத் தண்ணீர் ஆசாமி வருகிறார்.

1985-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு காரியம் செய்தார். நூல் போல நீளமான ஒரு ஃபேஜை எடுத்தார். அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவில், வேறொரு புரதத்தின் துண்டுக்கான மரபணுவைச் செருகினார். அந்த ஃபேஜ் பாக்டீரியாவுக்குள் போய்ப் பெருகியபோது, பிறந்த ஃபேஜ்களின் உறையில் அந்த வேற்றுத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. 2018-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வேற்றுத் துண்டை ஒட்டலாம் என்றால் புற்றுநோயின் அடையாளத்தையும் ஒட்டலாம் அல்லவா? ஒட்டினார்கள். அந்த ஃபேஜை ஊசி மூலம் செலுத்தினால் என்ன நடக்கும்?

டென்டிரிட்டிக் செல் அதைப் பார்க்கிறது. அளவு ஒரு வைரஸின் அளவு. மேலே ஒரே துண்டு வரிசை வரிசையாக, திரும்பத் திரும்ப நிற்கிறது. நம் செல்களில் அப்படிப்பட்ட வரிசையைப் பார்க்க முடியாது. சந்தேகமே இல்லை, வெளியாள்! விழுங்குகிறது. உள்ளே ஃபேஜின் டிஎன்ஏ வெளிவருகிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏ-வையும் அதில் வளர்ந்த ஃபேஜின் டிஎன்ஏ-வையும் கண்டுகொள்ள நம் செல்லுக்குள் ஒரு காவல் புரதம் இருக்கிறது. அது மணியை அடித்துவிடுகிறது. மணிச் சத்தத்தோடு அந்த செல் ஓடிப்போய்ப் புற்றுநோயின் அடையாளத்தை டி செல்களிடம் காட்டுகிறது. இந்த முறை டி செல்கள் சும்மா இருப்பதில்லை.

ஃபேஜை மருந்து ஏற்றிச் செல்லும் வண்டி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சுமப்பதற்கு வேறு எத்தனையோ பொருட்கள் இருக்கின்றன. ஃபேஜ் சுமந்துகொண்டே மணியும் அடிக்கிறது. அதன் பெரிய பலம் அதுதான்.

முன்பு ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னேனே, சொல் பார்க்கலாம். ஆமாம், ஃபேஜ் நம் செல்லுக்குள் பெருகாது. அதனால் ஊசியில் போட்ட ஃபேஜ் நமக்கு நோயாக மாறாது.

இன்னொரு நன்மை விலை. ஃபேஜை வளர்க்க பாக்டீரியாவும் அதற்குத் தீனியும் போதும். டி4 ஒரு பாக்டீரியாவுக்குள் புகுந்தால் அரைமணி நேரத்தில் நூறு, இருநூறு குட்டிகள் வெளியே வரும். 150 என்று வைத்துக்கொள். வேண்டிய அளவு பாக்டீரியா இருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஃபேஜ் எத்தனை ஆகும்? 150-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 33,75,000!

எலிகளில் இது நன்றாகவே நடக்கிறது. ஈரானின் மஷாத் நகர ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளும் லாம்டா என்ற ஃபேஜின் மேல் ஹெர்-2 புரதத்தின் ஒரு சிறு துண்டை ஒட்டி எலிகளுக்குப் போட்டார்கள். அவற்றில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2019-ல் அதை வெளியிட்டார்கள்.

மனிதர்களுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில், வேறொரு அடையாளத்தைச் சுமந்த லாம்டா ஃபேஜை, புராஸ்டேட் புற்றுநோய் மறுபடி தலைகாட்டிய ஆண்களுக்குத் தோலில் ஊசியாகப் போட்டார்கள். பெரிய தொல்லை எதுவும் வரவில்லை. அந்த அடையாளத்துக்கு எதிராக உடம்பு விழித்துக்கொண்டதும் ரத்தத்தில் தெரிந்தது. ஆனால் விழித்துக்கொள்வது வேறு, நோயை விரட்டுவது வேறு. ஃபேஜால் செய்த புற்றுநோய்த் தடுப்பூசி எதுவும் இன்னும் மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரவில்லை. யாராவது வந்துவிட்டது என்று சொல்லி விற்றால் நம்பாதே.

ஏன் இவ்வளவு தாமதம் என்கிறாயா? தடைகள் உண்மையிலேயே பெரியவை. ஃபேஜை பாக்டீரியாவில் வளர்ப்பதால் பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவை ரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சல் வரும். துளியும் இல்லாமல் கழுவி எடுக்க வேண்டும். அடுத்து, உடம்பு ஃபேஜையே வெளியாள் என்று கற்றுக்கொண்டுவிடும். இரண்டாவது, மூன்றாவது ஊசியில் ஃபேஜ் வந்ததும் அதைச் சீக்கிரமே அப்புறப்படுத்திவிடக் கூடும். எல்லாவற்றையும்விடக் கடினமானது கட்டியின் தந்திரம். டி செல்கள் தேடி வந்தால் கட்டி தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும். அல்லது அவற்றை ஓய்ந்துபோகச் செய்யும் சைகைகளைக் காட்டும். அதனால்தான் அந்தச் சைகையைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்து ஃபேஜ் ஊசியைப் போடவும் முயல்கிறார்கள்.

நீ வரைந்தாயே, அந்த டி4-ஐ வைத்து வாழ்நாளெல்லாம் உழைத்துவருபவர் ஒரு இந்தியர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் படித்து, இப்போது வாஷிங்டனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வேணிகல்லா ராவ். டி4-ன் தலைக்கு மேல் இரண்டு வகைப் புரதங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று 155, மற்றது 870. மொத்தம் ஆயிரத்துக்கு மேல்! அவற்றோடு நமக்கு வேண்டிய புரதங்களை இணைத்துவிடலாம். தலைக்குள் சுமார் 1,70,000 எழுத்துகள் நீளமான டிஎன்ஏ-வும் அடங்கும். அவர் குழு 2023-ல், டி4-க்கு மேல் ஒரு கொழுப்புப் படலத்தைச் சுற்றி, அது மனித செல்லுக்குள் நுழைந்து மரபணுக்களைக் கொண்டு சேர்க்கும்படி ஆய்வகத்தில் செய்து காட்டியது.

அவர்களுடைய இன்னொரு சோதனையை நினைத்தால் எனக்குக் கல்வராயன் மலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. டி4-ஐ வைத்து கொரோனாவுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து ஒன்றை எலிகளில் சோதித்தார்கள். அந்த மருந்து குளிர்பெட்டி இல்லாமல், சாதாரண அறைச் சூட்டிலேயே பத்து வாரம் கெடாமல் இருந்தது. அந்த மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களுக்கு மருந்து போக வேண்டும் என்றால் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஏற வேண்டும். கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடுமோ என்று கவலைப்பட வேண்டும். ஐஸ் பெட்டியே வேண்டாத தடுப்பூசி வந்தால், மலைமேல் இருப்பவருக்கும் கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கும் அது ஒரே தரத்தில் கிடைக்கும். புற்றுநோய் ஊசிக்கும் இந்தக் குணம் வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கெல்லாம் இன்னும் காலம் ஆகும். ஆனால் ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இப்போதே இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸ்தான் காரணம். அந்த வைரஸின் வெறும் கூட்டை மட்டும், உள்ளே டிஎன்ஏ எதுவும் இல்லாமல் செய்து, ஊசியாகப் போடுகிறார்கள். அந்தக் கூட்டிலும் ஒரே புரதம் வரிசை வரிசையாக நிற்கிறது. உடம்பு வெளியாள் என்று பார்த்து விழித்துக்கொள்கிறது. பின்னாளில் நிஜ வைரஸ் வந்தால் உள்ளே விடாது. பூனாவில் இருக்கும் சீரம் நிறுவனம் இந்த ஊசியை 2023-ல் நம் நாட்டிலேயே செய்து வெளியிட்டது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக எச்பிவி ஊசியைப் போட, தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது.

உன் வீட்டில் அந்த வயதில் அக்காவோ தங்கையோ இருக்கிறாளா? நீயேதான் அந்த வயதா? ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம், “எச்பிவி ஊசி எங்கள் ஊருக்கு எப்போது?” என்று அம்மாவைக் கேட்கச் சொல். அம்மா தயங்கினால் நீயே கேள்.